பூங்கா மூடிய பிறகு பசித்தால்: டிஸ்னி வேர்ல்டு ஓட்டல்களில் இரவுச் சாப்பாடு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் விடுமுறையில் இந்தியாவிலிருந்து கிளம்பி ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு ஐந்து நாள் போகிறீர்கள். நீங்கள் இருவர், ஏழு வயது மகள், முட்டைகூடச் சேர்க்காத உங்கள் அம்மா. வாணவேடிக்கை பார்த்துவிட்டு ஓட்டலுக்குத் திரும்பும்போது மணி 11ஐ நெருங்கிவிடும் என்கிறீர்கள். முன்பதிவு செய்து, நல்ல உடை மாற்றிக்கொண்டு போய் உட்காரும் பெரிய உணவகம் வேண்டாம். அலட்டிக்கொள்ளாமல் எதையாவது சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும். பாப் செஞ்சுரி, அனிமல் கிங்டம் லாட்ஜ், கண்டெம்பரரி மூன்றில் எதில் தங்குவது என்று முடிவாகவில்லை. இரவுச் சாப்பாட்டை வைத்து அந்த முடிவை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுக்கலாம். மூன்றும் உங்கள் செலவுக்கணக்குக்குள் வருமென்றால், எடுக்கவும் வேண்டும். பகலில் எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம், எல்லாப் பூங்காவிலும் பத்தடிக்கு ஒரு கடை உண்டு. இரவு 10 மணி தாண்டிவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது நீங்கள் தங்கியிருக்கும் ஓட்டல் மட்டும்தான். டிஸ்னி வேர்ல்டு சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்பு. பூங்காவுக்கும் ஓட்டலுக்கும் நடுவே பஸ் உண்டு. ஓட்டலுக்கும் ஓட்டலுக்கும் நடுவே பெரும்பாலும் நேர் பஸ் கிடையாது. ஏதாவது ஒரு பூங்காவுக்கோ டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதிக்கோ போய் மாற வேண்டும். பூங்காக்கள் மூடிய பிறகு அந்த மாற்றமும் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் வழியாக மட்டுமே என்றாகிவிடும்.

நான் முதல் தடவை போனபோது இது தெரியாமல் மாட்டிக்கொண்டேன். நாங்கள் தங்கிய இடத்தில் சமையலறை மூடிவிட்டது, வேறொரு ஓட்டலில் திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் குடும்பத்தையே கிளப்பிக்கொண்டு போனேன். பஸ் மாறி அங்கே போய்ச் சேர்ந்தபோது அங்கேயும் கவுன்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பையன் என் தோளிலேயே தூங்கிவிட்டான். அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: 10 மணிக்கு மேல் சாப்பாட்டைத் தேடி ஓட்டல் மாறிப் போவதில்லை. எங்கே தூங்கப் போகிறோமோ அங்கேதான் சாப்பாடு.

அதனால் முதலில் நேரக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். மேஜிக் கிங்டம் பூங்காவில் வாணவேடிக்கை முடிந்ததும் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருவார்கள். அந்த வாசலிலிருந்து பஸ், மோனோரயில், படகு எதில் ஏறினாலும் ஓட்டல் அறைக்குப் போய்ச் சேர 45 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்ட நாளில் ஒரு மணி நேரம்கூட ஆகும். வாணவேடிக்கை 10 மணிக்கு என்றால் ஓட்டலில் கால் வைக்கும்போது 11ஐத் தாண்டியிருக்கும். ஓட்டல்களின் சாதாரண உணவுக் கவுன்டர்கள் வழக்கமாக மூடுவதும் 10 மணியிலிருந்து நள்ளிரவுக்குள். இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் உங்கள் சாப்பாடு இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டலும் பூங்காக்களின் நேரத்தைப் பார்த்துத் தன் நேரத்தை முன்னே பின்னே நகர்த்தும். கிறிஸ்துமஸ் வாரத்தின் நேரம் டிசம்பர் தொடக்கத்தின் நேரமாக இருக்காது. போகிற நாளின் நேரத்தை டிஸ்னியின் செயலியில் அன்று காலையே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பயணக் கட்டுரைகளைப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாலினீசியன் ஓட்டலின் கேப்டன் குக்ஸ், கிராண்ட் ஃபுளோரிடியனின் காஸ்பரில்லா ஐலண்ட் கிரில் இரண்டும் 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். ஒரு காலத்தில் அது உண்மை. இன்று அதை நம்பி ஒரு மணிக்குக் கீழே இறங்கிப் போகாதீர்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே மூன்று வழிகள் உண்டு. முதலாவது கவுன்டர் உணவகம். தட்டை நீங்களே எடுத்துக்கொண்டு போய் உட்காரும் இடம். விலை குறைந்த ஓட்டல்களில் இது ஃபுட் கோர்ட் என்ற பெரிய கூடமாக இருக்கும். இரண்டாவது லவுஞ்ச். மூன்றாவது உங்கள் அறையில் இருக்கும் ஃப்ரிட்ஜ். மூன்றையும் சேர்த்து யோசித்தால் எந்த இரவும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

கவுன்டர் உணவகத்துக்கு உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் மொபைல் ஆர்டர். டிஸ்னி செயலியில் ஓட்டலின் உணவகத்தைத் தேர்ந்தெடுத்து, என்ன வேண்டும் என்று குறித்து, எந்த நேரத்தில் வாங்கிக்கொள்வீர்கள் என்று ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்து, பணத்தைக் கட்டிவிடலாம். அப்போதே சமைக்க ஆரம்பித்துவிட மாட்டார்கள். நீங்கள் ஓட்டலுக்கு வந்து ‘வந்துவிட்டேன், தயார் செய்யுங்கள்’ என்ற பொத்தானை அழுத்திய பிறகுதான் அடுப்பில் ஏறும். பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஓட்டலுக்குள் வந்த பிறகுதான் செயலியையே திறக்கிறார்கள். அதற்குள் கடைசி அரைமணி நேரத்துக்கான இடங்கள் நிரம்பிப்போயிருக்கும். வாணவேடிக்கைக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்போதே, அதாவது உங்களுக்கு வேறு வேலை எதுவும் இல்லாத அந்த முக்கால் மணி நேரத்திலேயே, ஆர்டரைப் போட்டு வையுங்கள். பஸ் தாமதமானால் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். பஸ் ஓட்டலுக்குள் திரும்பும்போது பொத்தானை அழுத்துங்கள். நீங்கள் இறங்கிக் கைகழுவி வரும்போது தட்டு தயாராக இருக்கும். அந்த இரவில் வரிசையில் நிற்காமல் உட்கார முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு நாள் முழுக்க நடந்த கால்களுக்குத்தான் தெரியும்.

கவுன்டரில் குடிக்கத் தண்ணீர் இலவசம். கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீரைக் குவளையில் தருவார்கள், ஐஸ் வேண்டாம் என்றும் சொல்லலாம். பெரியவர்களும் குழந்தைகள் தட்டை வாங்கலாம், யாரும் வயது கேட்பதில்லை. அதில் சின்ன அளவில் ஒரு உணவும், தொட்டுக்கொள்ள ஒன்றிரண்டும், குடிக்க ஒன்றும் சேர்ந்து வரும். இரவு 11 மணிக்கு என் மனைவி அதைத்தான் வாங்குவாள். டிஸ்னியின் சாப்பாட்டுத் திட்டத்தை வாங்குவதாக இருந்தால், அதன் கணக்கில் இருக்கும் வேளைகளை மொபைல் ஆர்டரிலும் பயன்படுத்தலாம். மிஞ்சியவை ஓட்டலைக் காலி செய்யும் நாளின் நள்ளிரவோடு காலாவதியாகிவிடும். கடைசி நாள் இரவில் பலர் பிஸ்கட்டும் பழமுமாக வாங்கிக் குவிப்பது அதனால்தான்.

இப்போது லவுஞ்ச். இந்த வார்த்தையைக் கேட்டதும் நம் குடும்பங்கள் ஒதுங்கிப் போய்விடுகின்றன. மது விற்கும் இடம், குழந்தையோடும் அம்மாவோடும் எப்படிப் போவது என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. டிஸ்னி ஓட்டல்களில் லவுஞ்ச் என்பது சோபாவும் சின்ன மேசைகளுமாக இருக்கும் ஒரு கூடம். மது அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். ஆனால் மேசையில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடக் குழந்தைகளுக்குத் தடையில்லை. விதிவிலக்காக பாலினீசியன் ஓட்டலின் டிரேடர் சாம்ஸ் கிராக் கிராட்டோவில் இரவு 8 மணிக்குப் பிறகு 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை உள்ளே அனுமதிப்பதில்லை. லவுஞ்ச்களில் பெரும்பாலும் முன்பதிவு இல்லை, இடம் காலியாக இருந்தால் உட்காரலாம். மேசைக்கே கொண்டுவந்து பரிமாறுவார்கள் என்பதால் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைக்க வேண்டும். பில்லில் அதற்கு மேல் 6.5 சதவீத வரி சேரும். கவுன்டரில் வரி மட்டும்தான், டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை.

லவுஞ்ச்களில் எனக்கு மிகவும் பிடித்தது வில்டர்னஸ் லாட்ஜ் ஓட்டலின் கீசர் பாயின்ட். 2017இல் திறந்தது. சுவரில்லாமல் கூரை மட்டும் போட்ட இடம். பே லேக் ஏரியின் கரையிலேயே இருக்கிறது. டிசம்பர் இரவில் ஸ்வெட்டர் தேவைப்படலாம். இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஏரியில் விளக்கு அலங்காரம் செய்த மிதவைகள் வரிசையாகப் போகும். எலெக்ட்ரிக்கல் வாட்டர் பேஜன்ட் என்று பெயர், டிஸ்னி வேர்ல்டு திறந்த 1971 அக்டோபரிலிருந்து நடக்கிறது. கடல்நாகம், ஆமை, டால்ஃபின் எல்லாம் வெறும் விளக்குகளால் ஆனவை. இந்த ஏரியிலும் பக்கத்திலிருக்கும் செவன் சீஸ் லகூனிலுமாக ஐந்தாறு ஓட்டல்களின் கரையைத் தொட்டுப் போகும் அது. காசு கொடுத்துப் பார்க்கும் காட்சிகளைவிட அந்த ஏரிக்கரைதான் என் பிள்ளைகளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த ஓட்டலில் நீங்கள் தங்கப்போவதில்லை என்றாலும், மேஜிக் கிங்டத்திலிருந்து அங்கே நேராகப் படகு போகிறது. ஒரு நாள் பூங்காவிலிருந்து சீக்கிரம் கிளம்பி எட்டு, எட்டரைக்கு அங்கே போய்ச் சாப்பிடலாம். 10 மணிக்கு மேல் வேண்டாம், திரும்புவது சிரமம்.

சரி, உங்கள் மூன்று ஓட்டல்களுக்கு வருகிறேன்.

பாப் செஞ்சுரி 2003இல் திறந்தது, 2,880 அறைகள். மூன்றில் விலை குறைந்தது இதுதான். இதன் ஃபுட் கோர்ட்டின் பெயர் எவ்ரிதிங் பாப். பீட்சா, பர்கர், சாலட், பாஸ்தா என்று பழக்கமான சாப்பாடு, பெரிய கூடம், நிறைய மேசைகள். இத்தனை அறைகளுக்கும் இது ஒன்றே சாப்பாட்டுக்கூடம் என்பதால் வழக்கமாக இரவு வெகுநேரம் திறந்து வைத்திருப்பார்கள். விலை உயர்ந்த ஓட்டல்களின் கவுன்டர்களைவிட இங்கே தாமதமாக மூடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பணம் அதிகம் கொடுத்தால் இரவில் சாப்பாடும் அதிக நேரம் கிடைக்கும் என்று நாம் இயல்பாக நினைப்போம். இங்கே கணக்கு தலைகீழ்.

இந்த ஓட்டலின் இன்னொரு பலம் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு சின்ன ஏரியின் இக்கரையில் பாப் செஞ்சுரி, அக்கரையில் 2012இல் திறந்த ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஓட்டல். நடுவில் ஒரு பாலம். பாலத்தின் மேலேயே ஸ்கைலைனர் என்ற ரோப்காரின் நிலையம். எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காக்களிலிருந்து அதில்தான் திரும்புவீர்கள். இறங்கியதும் ஒரு பக்கம் திரும்பினால் உங்கள் ஃபுட் கோர்ட், மறுபக்கம் திரும்பினால் லேண்ட்ஸ்கேப் ஆஃப் ஃபிளேவர்ஸ் என்ற அவர்களின் ஃபுட் கோர்ட். நடந்தே போகும் தூரத்தில் இரண்டு இரவுச் சாப்பாட்டுக்கூடங்கள் இருப்பது டிஸ்னி வேர்ல்டில் அபூர்வம். ஐந்து நாளும் ஒரே மெனுவைப் பார்த்து உங்கள் அம்மா சலித்துப்போகாமல் இருக்க இது உதவும். இடியும் மின்னலும் வந்தால் ஸ்கைலைனரை நிறுத்திவிடுவார்கள், அப்போது பஸ்தான்.

கண்டெம்பரரி 1971இல் டிஸ்னி வேர்ல்டோடு சேர்ந்தே திறந்தது. மோனோரயில் ஓட்டலின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து போகும். நான்காவது மாடியில் கான்டெம்போ கஃபே என்ற கவுன்டர் உணவகம். தலைக்கு மேலே ரயில் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தபடி சாப்பிடலாம். அங்கிருந்து பார்த்தால் மேரி பிளேர் வடிவமைத்த, 90 அடி உயரம் கொண்ட ஓட்டுச் சுவரோவியம் தெரியும். அதில் ஒரு ஆட்டுக்கு ஐந்து கால் இருக்கிறது. மகளைத் தேடச் சொல்லுங்கள், சாப்பாடு வரும்வரை பொழுது போகும். கீழே ஸ்டேக்ஹவுஸ் 71 லவுஞ்ச் இருக்கிறது. ஸ்டேக் என்றால் மாட்டிறைச்சி. பெயரைப் பார்த்ததுமே தெரியும், அம்மாவை அழைத்துப்போகுமுன் மெனுவைப் பார்க்க வேண்டிய இடம்.

இந்த ஓட்டலின் உண்மையான மதிப்பு சாப்பாட்டில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. மேஜிக் கிங்டம் வாசலிலிருந்து பத்து நிமிட நடை. மற்றவர்கள் பஸ் வரிசையில் நிற்கும்போது நீங்கள் நடந்தே வந்துவிடுவீர்கள். நான் முன்னே சொன்ன 45 நிமிடம் உங்களுக்கு 15 நிமிடமாகிவிடும். அரைமணி முன்னதாக மூடும் கவுன்டராக இருந்தாலும் நீங்கள் அதற்குள் போய்விடலாம். கிராண்ட் ஃபுளோரிடியனுக்கும் 2020இலிருந்து இதேபோல நடைபாதை இருக்கிறது. அங்கே காஸ்பரில்லா இருப்பதால் அதுவும் நல்ல இடம்தான். இவ்விரண்டிலும் தங்குவதற்கான வாடகை பாப் செஞ்சுரியைப்போலப் பல மடங்கு. அதிக வாடகை கொடுப்பவர்களுக்கு மட்டும் சில இரவுகளில் மேஜிக் கிங்டத்திலோ எப்காட்டிலோ மூடிய பிறகு இரண்டு மணி நேரம் கூடுதலாகச் சுற்ற அனுமதி உண்டு. அந்த இரவுகளில் ஓட்டலுக்குத் திரும்பும்போது நள்ளிரவு தாண்டிவிடலாம், கவுன்டர் நிச்சயம் மூடியிருக்கும். கூடுதல் நேரம் தொடங்குமுன்பே சாப்பிட்டுவிடுங்கள்.

அனிமல் கிங்டம் லாட்ஜைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் அம்மாவின் சாப்பாட்டுக் கேள்விக்கு நல்ல விடை அங்கேதான் இருக்கிறது. 2001இல் திறந்த ஓட்டல். ஜம்போ ஹவுஸ், கிடானி வில்லேஜ் என்று இரண்டு பகுதிகள். பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். புல்வெளியைப் பார்த்த அறைகளில் பால்கனியிலிருந்தே வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் தெரியும். ஜம்போவில் இருக்கும் தி மாரா என்ற கவுன்டர் உணவகத்தில் ஆப்பிரிக்க மசாலா வாசனையோடு குழம்பு வகைகள் கிடைக்கும். பர்கரும் பீட்சாவும் சலித்த வாய்க்கு அது பெரிய ஆறுதல். அங்கே ஸீப்ரா டோம்ஸ் என்று ஒரு இனிப்பு மிகப் பிரபலம். வெள்ளையும் கறுப்புமாகக் கோடு போட்டு அழகாக இருக்கும், மகள் உடனே கேட்பாள். அதில் அமரூலா என்ற மதுவகை சேர்கிறது. இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

கிடானியில் சனா என்று ஒரு உணவகம், 2009இலிருந்து இருக்கிறது. ஆப்பிரிக்கச் சமையலும் இந்தியச் சமையலும் கலந்த இடம். அங்கே பிரெட் சர்வீஸ் என்று ஒன்று உண்டு: தட்டில் நாண், குல்ச்சா, பராத்தா வகைகள், கூடவே தொட்டுக்கொள்ள ஒன்பது கிண்ணங்கள். வெள்ளரி ராய்த்தா, மாங்காய்ச் சட்னி, புளிச் சட்னி, மல்லிச் சட்னி, பூண்டு ஊறுகாய் என்று நம் நாக்குக்குத் தெரிந்த சுவைகள். இரண்டு நாள் பீட்சா சாப்பிட்ட பிறகு ஊறுகாயைப் பார்த்ததும் எங்கள் மேசையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. நாண் மாவில் முட்டை உண்டா, எந்த ரொட்டியில் என்ன சேர்கிறது என்று பரிமாறுபவரிடம் கேளுங்கள். சலிக்காமல் உள்ளே போய் விசாரித்து வந்து சொல்வார்கள்.

ஆனால் சனா நள்ளிரவுக் கடையல்ல. முன்னிரவோடு முடிந்துவிடும். சன்னலுக்கு வெளியே மேயும் மிருகங்களும் இருட்டிய பிறகு தெரியாது. லாட்ஜோ மேஜிக் கிங்டத்திலிருந்து வெகுதூரம். வாணவேடிக்கை முடிந்து பஸ் பிடித்துப் போவதற்குள் மகள் தூங்கிவிடுவாள். எனவே என் யோசனை இது. அனிமல் கிங்டம் பூங்கா மற்றப் பூங்காக்களைவிடச் சீக்கிரம் மூடும். அந்தப் பூங்காவுக்குப் போகும் நாளில், மாலையில் அங்கிருந்து கிடானிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே சனாவில் உட்காருங்கள். டிசம்பரில் ஃபுளோரிடாவில் ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். அங்கே தங்காமலே அந்தச் சாப்பாடு கிடைத்துவிடும்.

எனவே மூன்றில் நான் உங்களுக்குச் சொல்வது பாப் செஞ்சுரி. தாமதமாக மூடும் கூடம், பாலத்துக்கு அப்பால் இன்னொரு கூடம், நான்கு பேருக்கு ஒரே அறை. மிச்சமாகும் பணத்தில் சனாவில் இரண்டு தடவைகூடச் சாப்பிடலாம். உங்கள் ஐந்து நாளில் மூன்று நாள் மேஜிக் கிங்டம்தான் என்றால் மட்டும் கண்டெம்பரரியை யோசியுங்கள்.

டிசம்பரில் இன்னொரு விஷயம் உண்டு. சில இரவுகளில் மேஜிக் கிங்டத்தில் தனி டிக்கெட்டோடு கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் நடக்கும். அன்று சாதாரண டிக்கெட்டில் வந்தவர்கள் மாலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டும். அந்த நாளில் இரவுச் சாப்பாட்டுக் கவலையே இல்லை. கீசர் பாயின்ட்டுக்கு அதைவிட நல்ல மாலை கிடையாது.

எப்காட் பூங்காவிலிருந்து கிளம்பும் இரவு வேறு மாதிரி. அதன் பின்வாசல் வழியே வெளியே வந்தால் ஐந்தாறு நிமிட நடையில் பீச் கிளப், போர்டுவாக் ஓட்டல்கள். பீச் கிளப்பில் பீச்சஸ் அண்ட் க்ரீம் என்று பழைய காலத்து சோடாக்கடை மாதிரி ஒரு சின்ன இடம். கிச்சன் சிங்க் என்ற பெயரில் எட்டு உருண்டை ஐஸ்கிரீமை ஒரே பாத்திரத்தில் குவித்துத் தருவார்கள். நான்கு பேருக்குப் போதும். முட்டை சேர்ந்த ஐஸ்கிரீம் இருக்கலாம் என்பதால் அம்மாவுக்காகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கைலைனரும் அதே பின்வாசலிலிருந்துதான் கிளம்புகிறது, ஆகவே வழி தப்புவதில்லை. கடைசி ரோப்கார் எப்போது என்று மட்டும் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

முட்டை விஷயத்துக்கு வந்துவிட்டோம், அதை முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் வெஜிடேரியன் என்றால் முட்டை உண்டு. கேட்டால் மனதார ‘ஆமாம், வெஜிடேரியன்தான்’ என்பார்கள், அவர்கள் வழக்கப்படி அது உண்மையும்கூட. டிஸ்னி மெனுக்களில் 2019இலிருந்து சில உணவுகளுக்குப் பக்கத்தில் பச்சை இலைச் சின்னம் போடுகிறார்கள். இறைச்சி, மீன், பால், முட்டை, தேன் எதுவும் சேராதது என்று அர்த்தம். அம்மாவுக்கு அந்த இலைதான் வழிகாட்டி. மற்றதில் ‘முட்டை ஒவ்வாது’ என்று சொல்லுங்கள். ஒவ்வாமைக்கென்று தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள், மொபைல் ஆர்டரிலும் அது உண்டு. உருளைக்கிழங்கு வறுவல் சைவம்தானே என்று வாங்குமுன், கோழி பொரித்த அதே எண்ணெயா என்று கேளுங்கள். இரவு 11 மணிக்குக் களைப்பில் இதெல்லாம் கேட்கத் தோன்றாது. முதல் நாள் பகலிலேயே கூடத்தில் விசாரித்து, அம்மாவுக்கு எது எது ஆகும் என்று ஒரு சீட்டில் எழுதிவைத்துக்கொண்டால் ஐந்து நாளும் ஓடிவிடும். நாங்கள் என் மாமியாரோடு போனபோது அப்படித்தான் செய்தோம். மூன்றாம் நாள் அவரே கவுன்டரில் போய் வாங்கிக்கொண்டு வந்தார்.

சமையலறை மூடிய பிறகும் ஃபுட் கோர்ட்டில் கண்ணாடி அலமாரியில் பழக்கிண்ணம், தயிர், சீரியல், ஹம்மஸ், வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி மாதிரி எடுத்துக்கொண்டு போகும் பொருட்கள் இருக்கும். முதல் நாளே அதில் கொஞ்சம் வாங்கி அறையின் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பாப் செஞ்சுரியில் சாதாரண அறையில் ஃப்ரிட்ஜ் உண்டு, மைக்ரோவேவ் இல்லை. ஃபுட் கோர்ட்டில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோக ஓட்டலிலும் தடையில்லை, பூங்காவிலும் தடையில்லை. பூங்காவுக்குள் கண்ணாடி பாட்டிலும் மதுவும் மட்டும் ஆகாது, ஐஸைக் கட்டி கட்டியாகக் கொண்டுபோக முடியாது. இந்த அனுமதியை நம்மவர்கள் நிறையப் பயன்படுத்தலாம். டெலிவரி செயலியில் வெளியிலிருந்து இந்தியச் சாப்பாடு வரவழைக்கவும் செய்யலாம். கொண்டுவருபவர் அறைக்கு வரமாட்டார், முன்வாசலுக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

ஓர்லாண்டோவிலேயே இருக்கும் யுனிவர்சல் கேளிக்கைப் பூங்காக்களுக்கும் ஒரு நாள் போகலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். இரவுச் சாப்பாட்டில் மட்டும் பார்த்தால் அங்கே வேலை எளிது. இரண்டு பழைய பூங்காக்களின் வாசலிலேயே சிட்டிவாக் என்ற உணவுத் தெரு, பூங்கா மூடிய பிறகும் வெகுநேரம் இயங்குகிறது. கபானா பே, சஃபையர் ஃபால்ஸ், ஹார்டு ராக் ஓட்டல்களுக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் பூங்கா தனியாக, தள்ளி இருக்கிறது. அதற்கு இந்த வசதி பொருந்தாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒரு இரவு: போய் இறங்கும் இரவு. டிசம்பரில் ஓர்லாண்டோ நேரம் நம் நேரத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கே இரவு 11 என்றால் உங்கள் வயிற்றுக்குக் காலை ஒன்பதரை. இட்லி நேரம். தூக்கம் வராது, பசி வரும். விமான நிலையத்திலிருந்து டிஸ்னி ஓட்டி வந்த இலவச பஸ் 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டது; டாக்ஸியோ கட்டண பஸ்ஸோ பிடித்துப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். விமானம் ஒன்பதரைக்கு மேல் இறங்குகிறது என்றால் ஓட்டல் கவுன்டரை நம்பாதீர்கள். விமான நிலையத்திலேயே ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து முறுக்கு, பருப்புப் பொடி, வெந்நீர் ஊற்றினால் ஆகும் உப்புமா கொண்டுபோகிறீர்கள் என்றால் சுங்கத்தில் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் பிரச்சினை இல்லை, மறைத்தால்தான் அபராதம். பழமும் இறைச்சியும் வேண்டாம். அறையில் காபி மெஷின் இருக்கும், காபித்தூள் போடாமல் தண்ணீரை மட்டும் ஓடவிட்டால் உப்புமாவுக்கு வேண்டிய வெந்நீர் வந்துவிடும். அந்தப் பொட்டலங்களைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள், அம்மாவின் கைப்பையிலேயே இருக்கட்டும்.